அடித்த அலாரம், அடிக்காத அலாரம்: டெஸ்டிங், செக்யூரிட்டி வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

2012 ஏப்ரல் 11, புதன்கிழமை பிற்பகல். சுமத்ராவுக்கு அப்பால் கடலுக்கடியில் 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையிலும் தரை லேசாக ஆடியது. சுனாமி எச்சரிக்கை வந்ததும் காசிமேட்டில் எங்கள் தெரு காலியாகிவிட்டது. ரேஷன் கார்டையும் பேங்க் புத்தகத்தையும் மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு ஆயா முன்னால் நடந்தாள், நாங்கள் பின்னால். தண்டையார்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். சாயங்காலம் எச்சரிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். கடல் வரவில்லை.

"சும்மா ஓட வுட்டானுங்க" என்று பக்கத்து வீட்டு அண்ணன் அலுத்துக்கொண்டார். ஆயா மட்டும், "2004-ல ஓடச் சொல்ல ஆளே இல்லையே நைனா" என்றாள்.

டெஸ்டிங் வேலையிலோ செக்யூரிட்டி வேலையிலோ சேர்ந்தால் முதல் வாரமே இரண்டு சொற்கள் காதில் விழும்: ஃபால்ஸ் பாசிட்டிவ், ஃபால்ஸ் நெகட்டிவ். அண்ணன் அலுத்துக்கொண்டது முதலாவதைப் பற்றி. ஆயா சொன்னது இரண்டாவதைப் பற்றி. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கத்திலிருந்து முதல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் நான் சொல்லித் தருவதைத்தான் இங்கே எழுதுகிறேன். வரையறை கொஞ்சம்தான். திங்கட்கிழமை காலையில் உங்கள் திரையில் ஒரு அலாரம் வந்து நின்றால் கையை எங்கே வைப்பது என்பதுதான் அதிகம்.

முதல் படி: எதைத் தேடுகிறோம் என்று ஒரு வரி எழுதுங்கள்

2020-ல் கொரோனா பரவத் தொடங்கிய மாதங்களில் சென்னையிலேயே ராயபுரம் மண்டலத்தில்தான் தொற்று அதிகம். 'பாசிட்டிவ்' என்ற சொல்லைக் கேட்டாலே வீட்டு வாசலில் தகரம் அடித்தது ஞாபகம் வரும். அந்த ஞாபகத்தை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பாசிட்டிவ் என்றால் நல்ல செய்தி என்று பொருளில்லை, "தேடியது கிடைத்தது" என்று மட்டும்தான் பொருள். ஆன்டிவைரஸ் தேடுவது வைரஸை. டெஸ்ட் தேடுவது பிழையை. ஆகவே டெஸ்ட் ஃபெயில் ஆனால்தான் அது பாசிட்டிவ், பச்சை டிக் விழுந்தால் நெகட்டிவ். புதியவர்கள் பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் இங்கே தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். தப்பில்லை, நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இன்னும் குழப்பமான இடம் ரேஷன் கடைக் கைரேகை மெஷின். முப்பது வருடம் ஐஸிலும் உப்பிலும் மீன் அரிந்த விரல் ஆயாவுடையது. ரேகை தேய்ந்துவிட்டது. மெஷின் ஆயாவை ஆயா இல்லை என்று சொல்லிவிடும். இது பாசிட்டிவா, நெகட்டிவா? "இவர்தான் கார்டுக்காரரா?" என்று மெஷின் தேடுவதாக வைத்துக்கொண்டால் இது ஃபால்ஸ் நெகட்டிவ். "ஆள்மாறாட்டம் நடக்கிறதா?" என்று தேடுவதாக வைத்துக்கொண்டால் அதே சம்பவம் ஃபால்ஸ் பாசிட்டிவ். மெஷின் ஒன்று, விரல் ஒன்று, பெயர் இரண்டு. இந்தச் சண்டையைத் தவிர்க்கத்தான் கைரேகைத் துறையில் 'ஃபால்ஸ் ரிஜெக்ட்', 'ஃபால்ஸ் அக்செப்ட்' என்று நேரடியாகச் சொல்கிறார்கள்.

அதனால் எந்தக் கருவியைத் தொட்டாலும் நோட்டில் முதல் வரியாக எழுதுங்கள்: "இது தேடுவது ___." அதற்குக் கீழே நான்கு கட்டம் போடுங்கள். இருந்தது, சொன்னது. இல்லை, சொல்லவில்லை. இந்த இரண்டும் சரி. இல்லாததை இருப்பதாகச் சொன்னது ஃபால்ஸ் பாசிட்டிவ். இருந்ததைச் சொல்லாமல் விட்டது ஃபால்ஸ் நெகட்டிவ். இதற்கு மேல் வரையறை தேவையில்லை.

இரண்டாம் படி: தவறு யார் தலையில் விழும் என்று பாருங்கள்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டியை அணைத்துவிட்டு நின்ற அனுபவம் இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லோருக்கும் உண்டு. தண்டவாளத்தில் ரயில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ரயில்வேயில் ஒரு பழைய ஏற்பாடு இருக்கிறது, டிராக் சர்க்யூட் என்று பெயர். தண்டவாளத்தின் ஒரு முனையில் சிறிய மின்சாரம் கொடுப்பார்கள், மறுமுனையில் ரிலே என்ற, மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச் ஒன்று இருக்கும். தண்டவாளம் காலியாக இருக்கும்வரை மின்சாரம் அந்த ரிலேவைத் தூக்கிப் பிடித்திருக்கும். ரயில் வந்தால் அதன் சக்கரமும் அச்சும் இரண்டு தண்டவாளத்தையும் இணைத்துவிடும். மின்சாரம் அந்தக் குறுக்கு வழியில் போய்விட, ரிலே விழும், சிக்னல் சிவப்பாகும்.

இதில் என்னை மயக்கிய விஷயம் என்னவென்றால், ஒயர் அறுந்தாலும் ரிலே விழும். பேட்டரி செத்தாலும் விழும். எது கெட்டாலும் "ரயில் இருக்கிறது" என்ற பொய்யைத்தான் அது சொல்லும், "காலி" என்ற பொய்யைச் சொல்லாது. தவறுவதாக இருந்தால் எந்தப் பக்கம் தவறுவது என்று முன்கூட்டியே தீர்மானித்துக் கட்டியிருக்கிறார்கள். விலை என்ன? நாம் வெயிலில் நிற்பது. ஆனாலும் இதுவும் முழுக் காப்பு இல்லை. அதிகம் ஓடாத தண்டவாளத்தில் துரு ஏறினால் சக்கரம் ஒழுங்காக இணைக்காமல், ரயில் நின்றும் காலி என்று காட்டிவிடலாம். ஒரு பக்கம் எவ்வளவு சாய்த்தாலும் மறுபக்கத் தவறு பூஜ்யமாகிவிடாது.

இன்னொரு உதாரணம், இதைவிடத் தெளிவானது. ரத்த வங்கியில் ஒருவர் கொடுத்த ரத்தத்தை எச்.ஐ.வி.க்குப் பரிசோதிக்கும்போது ஒரே ஒரு சோதனையில் சந்தேகம் வந்தாலும் அந்தப் பையை ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் அறிகுறி எதுவும் இல்லாத ஒரு மனிதரிடம் "உங்களுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது" என்று சொல்வதற்கு முன், மூன்று வெவ்வேறு கிட்டுகளிலும் பாசிட்டிவ் வரவேண்டும் என்பது இந்தியாவில் உள்ள நடைமுறை. தேடுவது அதே கிருமியைத்தான். பையைத் தவறாக ஒதுக்கினால் ஒரு யூனிட் ரத்தம் நஷ்டம், தவறாக ஏற்றினால் ஒரு உயிர். மனிதரிடம் தவறாகச் சொன்னால் ஒரு குடும்பமே கலைந்து போகலாம். தவறின் விலை மாறியதால் விதியும் மாறியது.

உங்கள் வேலையில் இதை எப்படிச் செய்வது? ஒவ்வொரு அலாரத்துக்கும் மூன்று கேள்வி. தவறாக அடித்தால் யாருக்கு நஷ்டம், எவ்வளவு? அடிக்காமல் விட்டால் யாருக்கு, எவ்வளவு? அந்த 'யார்' இந்த அறையில் இருக்கிறாரா? மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். "இரவு 1 மணி முதல் 4 மணி வரை பெரிய தொகை போனால் சந்தேகப் பரிவர்த்தனை" என்று ஒரு விதி எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். எழுதியவர் ராத்திரி தூங்குகிற மனிதர். காசிமேட்டில் மீன் ஏலம் சூடு பிடிப்பதே அந்த நேரத்தில்தான். ஐஸுக்கும் டீசலுக்கும் பணம் அனுப்புகிற ஆள் அந்த விதிக்குத் தினமும் திருடனாகத் தெரிவார்.

மூன்றாம் படி: கணக்கு

கணக்கு என்றதும் ஓடாதீர்கள், பெருக்கல் மட்டும்தான்.

ஒரு தளத்தில் ஒரு நாளைக்கு 1,00,000 லாகின் என்று வைத்துக்கொள்வோம். அதில் 20 மட்டும் திருட்டு முயற்சி. உங்கள் கருவி திருட்டில் 95 சதவீதத்தைப் பிடிக்கும், நல்லவர்களில் 1 சதவீதத்தைத் தவறாகச் சந்தேகிக்கும். கேட்பதற்கு நல்ல கருவி மாதிரிதான் இருக்கிறது. இப்போது போடுங்கள்: 20-ல் 95 சதவீதம், 19. மீதி 99,980-ல் 1 சதவீதம், கிட்டத்தட்ட 1,000. மொத்தம் 1,019 அலாரம், அதில் உண்மை 19. நூற்றுக்கு இரண்டுகூட முழுதாகத் தேறவில்லை. ஒரு அலாரத்தைப் பார்க்க 5 நிமிடம் என்றால் சுமார் 85 மணி நேர வேலை. ஒரே நாளில்!

கருவி மோசம் என்பதால் இப்படி ஆகவில்லை. தேடும் பொருள் அரிதாக இருப்பதால் ஆகிறது. அரிய பொருளைத் தேடும்போது நல்லவர்களின் கூட்டம் அவ்வளவு பெரியது, அதில் ஒரு சதவீதமே கடல் மாதிரி ஆகிவிடும். தவறான சந்தேகத்தை 1 சதவீதத்திலிருந்து 0.1-க்கு இறக்கினால் மொத்த அலாரம் 119 ஆகக் குறையும், ஆறில் ஒன்று உண்மையாக இருக்கும், 10 மணி நேரத்தில் முடிந்துவிடும். கருவி விற்க வருகிறவர் "99 சதவீதம் துல்லியம்" என்று சொன்னால், எந்த 99 என்று கேளுங்கள். எதையுமே பிடிக்காத கருவிகூட, மேலே சொன்ன தளத்தில் 99.98 சதவீதம் சரியாகத்தான் சொல்லியிருக்கும்!

திருடனையும் விடாமல், நல்லவரையும் சந்தேகிக்காமல் இருக்க ஒரே சோதனையால் முடியாதபோது இரண்டு கட்டமாகப் பிரிப்பார்கள். கொரோனாவில் ரேபிட் ஆன்டிஜென் சோதனைக்கு ஐ.சி.எம்.ஆர். சொன்ன விதி நினைவிருக்கிறதா? பாசிட்டிவ் வந்தால் அதை நம்பலாம். அறிகுறி இருந்தும் நெகட்டிவ் வந்தால் நம்பாதே, ஆர்.டி.பி.சி.ஆர். செய்து பார். அந்தச் சோதனை எந்தப் பக்கம் தவறும் என்பது தெரிந்ததால், எந்தப் பதிலை மறுபடி சோதிக்க வேண்டும் என்பதும் தெரிந்தது. உங்கள் கருவிக்கும் இப்படி ஒரு வரி விதி எழுத முடிகிறதா பாருங்கள்.

நான்காம் படி: அலாரம் வந்துவிட்டது, இப்போது?

உங்கள் நேரத்தில் பாதி இங்கேதான் போகும், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு எச்சரிக்கை. கீழே சொல்பவற்றை எழுத்தில் அனுமதி வாங்கிய கணினிகளில் மட்டும் செய்யுங்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளில் வரும். "கத்துக்கத்தான் சார் பண்ணேன்" என்பது அங்கே செல்லாது.

முதலில், கருவிக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேளுங்கள். சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். ஸாப் மாதிரி, தளத்தில் பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடும் ஸ்கேனர்களில் ரிஸ்க் வேறு, கான்ஃபிடன்ஸ் வேறு. உண்மையாக இருந்தால் எவ்வளவு கேடு என்பது ரிஸ்க். உண்மையாக இருக்கும் என்று கருவிக்கே எவ்வளவு நம்பிக்கை என்பது கான்ஃபிடன்ஸ். ரிஸ்க் அதிகம், கான்ஃபிடன்ஸ் குறைவு என்று வந்தால் அது "நீ போய்ப் பார்த்துவிட்டுச் சொல்" என்று கருவி உங்களிடம் கேட்பது.

அடிக்கடி வரும் ஒன்றைச் சொல்கிறேன். சர்வரில் ஓபன் எஸ்.எஸ்.எச். (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் மென்பொருள்) பழைய பதிப்பு இருக்கிறது, அதில் இன்ன இன்ன ஓட்டைகள் என்று ஸ்கேனர் ஒரு பக்கம் நிறைய எழுதியிருக்கும். ஸ்கேனர் உள்ளே போய்ப் பார்க்கவில்லை, வாசலில் தொங்கும் பதிப்பு எண்ணைப் படித்துவிட்டு எழுதியது. உபுன்ட்டு, ரெட் ஹேட் போன்றவர்கள் பாதுகாப்புத் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே ஒட்டிவிடுவார்கள். முன்னால் இருக்கும் எண் மாறாது. மிண்ட் தெருப் பக்கம் சில கடைகளில் தாத்தா காலத்துப் போர்டு தொங்கும், உள்ளே சரக்கு நேற்று வந்ததாக இருக்கும். அதே கதைதான். ஆகவே சர்வருக்குள் போய், அந்தப் பேக்கேஜின் மாற்றக் குறிப்பை எடுத்து, ஸ்கேனர் சொன்ன சி.வி.இ. எண் (தெரிந்த ஓட்டை ஒவ்வொன்றுக்கும் தரும் அடையாள எண்) அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் ஃபால்ஸ் பாசிட்டிவ், அந்த வரியையே சான்றாக ஒட்டுங்கள். இல்லையென்றால் அலாரம் உயிரோடுதான் இருக்கிறது.

அடுத்தது, கையால் ஒருமுறை செய்து பார்ப்பது. எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் என்பது, படிவத்தில் தட்டுவதை டேட்டாபேஸ் கட்டளையாகவே ஓட வைத்துவிடும் ஓட்டை. "இந்தப் படிவத்தில் எஸ்.க்யூ.எல். இன்ஜெக்ஷன் இருக்கிறது, 5 விநாடி தாமதம் கேட்டேன், 5 விநாடி தாமதித்தது" என்று ஸ்கேனர் சொல்கிறது. நீங்கள் பார்த்த நேரத்தில் சர்வரே மூச்சு வாங்கிக்கொண்டிருந்திருக்கலாம். எனவே 0 விநாடி கேளுங்கள், அப்புறம் 10, அப்புறம் 5, மறுபடி 0. கேட்ட எண்ணோடு சேர்ந்தே தாமதமும் ஏறி இறங்கினால் உண்மை. எதைக் கேட்டாலும் மனம்போல் வந்தால் சர்வர் மெதுவாக இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே ஒரு முறை செய்துவிட்டு முடிவு எழுதுவதை நான் ஏற்பதில்லை.

மூன்றாவது, கருவியைச் சாராத வேறு ஒரு சாட்சி. 2012 எச்சரிக்கையை எப்படித் திரும்பப் பெற்றார்கள்? ஹைதராபாத்தில் 2007-லிருந்து இயங்கும் சுனாமி எச்சரிக்கை மையத்துக்கு நிலநடுக்க அளவு மட்டும் போதாது. ஆழ்கடலில் வைத்த அழுத்தக் கருவிகளும் கரையோர அலை அளவிகளும் தண்ணீர் உண்மையில் எவ்வளவு எழுந்தது என்று காட்டும். காரணமும் தெரிந்தது. 2004-ல் கடல்தரை மேலும் கீழுமாக நகர்ந்து தண்ணீரைத் தூக்கியது, 2012-ல் பாறை பக்கவாட்டில் வழுக்கியது. பூமி ஆடியது பொய்யில்லை, தண்ணீர்தான் பெரிதாக எழவில்லை. ஒரு அலாரத்தை 'பொய்' என்று மூடும்போது இப்படித்தான் மூட வேண்டும்: வேறொரு அளவை, கூடவே அது ஏன் பொய்யாக அடித்தது என்ற காரணம். காரணம் கிடைக்காவிட்டால் "ஃபால்ஸ் பாசிட்டிவ்" என்று எழுதாதீர்கள், "இன்னும் தெரியவில்லை" என்று எழுதுங்கள். அப்படி எழுதினால் மேலதிகாரி முகம் சுளிப்பார். பரவாயில்லை.

கருவியே தானாக நடவடிக்கை எடுக்கும் இடத்தில் இந்தப் பொறுமைக்கு வழியில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான 'எஸ்வி ஹோஸ்ட்' கோப்பை வைரஸ் என்று முடிவு கட்டியது. உலகெங்கும் அலுவலகக் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆயின, நெட்வொர்க் போயிற்று. காவலாளியே வீட்டுக்காரரைப் பிடித்து வெளியே தள்ளிய கதை. எனவே தானாக அழிக்கும், தானாகத் தடுக்கும் விதிகளை முதலில் 'பார்த்து எழுது, தொடாதே' என்ற நிலையில் சில நாள் ஓடவிட்டு அப்புறம்தான் கையில் தடியைக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாம் படி: அலாரத்தின் வாயை அடைப்பதற்கு முன்

மெட்ரோ ரயில் நிலைய வாசலில் உள்ள கதவுச் சட்டம் போகிற ஆள் எல்லோருக்கும் 'பீப்' அடிக்கிறது. பெல்ட், சாவிக்கொத்து, டிபன் பாக்ஸ். அந்தச் சத்தத்துக்கு யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா? கையால் சோதிப்பதால்தான் அங்கே காவல் நடக்கிறது. உங்கள் அலுவலகத்தில் கையால் சோதிக்க ஆள் இருக்க மாட்டார். 2013-ல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு விவரங்கள் திருடுபோயின. கண்காணிப்புக் கருவி எச்சரிக்கை கொடுத்திருந்தது, ஆனால் யாரும் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. கருவியின் கணக்கில் அது சரியான பாசிட்டிவ். கடையின் கணக்கில் அது அடிக்காத அலாரம்.

ஆகவே சத்தத்தைக் குறைக்கத்தான் வேண்டும். எப்படிக் குறைப்பது என்பதில்தான் வினை. எங்கள் குழுவில் ஒரு தம்பி ஒரு விதி எழுதினான்: படிவத்தில் 'யூனியன்' என்ற ஆங்கிலச் சொல் வந்தால் தடு. எஸ்.க்யூ.எல். தாக்குதலில் அந்தச் சொல் வரும் என்று எங்கோ படித்திருக்கிறான். அடுத்த வாரத்திலிருந்து "தடுத்த தாக்குதல்கள்" வரைபடம் ஏறிக்கொண்டே போனது, மீட்டிங்கில் கைதட்டல் வேறு. ஒருநாள் துறைமுகத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன பெரியவர் ஒருவர் போன் செய்தார். "யூனியன் ஆபீஸ் பக்கத்துல வூடு. அட்ரஸ் போட்டா உள்ள வுட மாட்டேங்குது." லாகை எடுத்துப் பார்த்தால், தடுத்ததில் பெரும்பாலானவை வீட்டு முகவரிகள். ஹார்பர் பக்கம் யூனியன் இல்லாத தெரு எங்கே இருக்கிறது?

இதில் நான் கற்றுக்கொண்டது ஒன்று. தவறாக அடித்த அலாரம் தானே வந்து காதில் கத்தும் என்று நம்பியிருந்தேன். அது எங்கள் காதில் கத்தவில்லை, வாடிக்கையாளர் முகத்தில் கதவைச் சாத்தியது. அவர்களில் ஒருவர்தான் போன் செய்தார், மற்றவர்கள் போய்விட்டார்கள். அதனால் தடுக்கும் விதி எதை எழுதினாலும், தடுக்கப்பட்டவர் புகார் சொல்ல ஒரு வழியையும் அதே பக்கத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை, தடுத்தவற்றில் ஒரு 20-ஐ எடுத்துக் கண்ணால் படியுங்கள்.

விதிவிலக்கு போடும்போது முடிந்தவரை குறுக்கிப் போடுங்கள்: இந்தப் பக்கத்தில், இந்தப் பெட்டிக்கு, இந்த விதி மட்டும். யார் போட்டது, ஏன், எந்தத் தேதிவரை என்று பக்கத்திலேயே எழுதுங்கள். தேதி இல்லாத விதிவிலக்கு வாடகை தராத குடித்தனக்காரர் மாதிரி, கிளப்பவே முடியாது. அந்தத் தம்பியின் விதியை நாங்கள் முழுக்க எடுத்துவிட்டோம். உள்ளீட்டை எஸ்.க்யூ.எல். வரியோடு ஒட்டாமல் தனி மதிப்பாக அனுப்பும்படி நிரலையே திருத்தியதுதான் சரியான வைத்தியம்.

ஆறாம் படி: ஒருநாள் பாஸ், ஒருநாள் ஃபெயில்

நிரலில் எதுவும் மாறாமலே சில டெஸ்ட்டுகள் பாஸாகும், ஃபெயிலாகும். ஃபிளேக்கி டெஸ்ட் என்பார்கள். தங்கள் டெஸ்ட்டுகளில் கிட்டத்தட்ட 16 சதவீதத்தில் இந்த நோய் ஓரளவுக்கு உண்டு என்று கூகுளே 2016-ல் எழுதியது. ஆகவே உங்கள் குழுவில் இருந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 'மறுபடி ஓட்டு' பொத்தானை அழுத்திப் பச்சை வந்ததும் டீ குடிக்கப் போய்விடுவதுதான் வெட்கம்.

காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்று: பக்கம் வரும்வரை காத்திராமல் "3 விநாடி தூங்கு" என்று எழுதியிருப்பது, முந்தைய டெஸ்ட் விட்டுச் சென்ற டேட்டா, நள்ளிரவைத் தாண்டினால் மாறும் தேதி. அதை ஒதுக்கி வையுங்கள், பெயர் எழுதுங்கள், இரண்டு வாரத்துக்குள் சரிசெய்யுங்கள் அல்லது அழித்துவிடுங்கள். ஒரு டெஸ்ட் சொல்வதை யாரும் நம்பவில்லை என்றால் அது இருப்பது இடத்தை அடைக்கத்தான்.

ஏழாம் படி: அடிக்காத அலாரத்தைத் தேடிப் போங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் ஏதோ ஒரு சத்தம் வந்ததால் தொடங்கிய வேலை. ஃபால்ஸ் நெகட்டிவ் சத்தம் போடாது. திரை முழுக்கப் பச்சை, எல்லோரும் சந்தோஷம். அதை யாரும் உங்களிடம் கொண்டுவந்து தரமாட்டார்கள், நேரம் ஒதுக்கி நீங்கள்தான் போக வேண்டும். என் கணக்கில் வாரத்தில் அரை நாள்.

எங்கே தேடுவது? முதலில் பூஜ்யங்களில். ஸ்கேன் ரிப்போர்ட்டில் "0 பிரச்சினை" என்று வந்தால் எத்தனை பக்கம் பார்த்தது என்று கேளுங்கள். லாகின் காலாவதியாகி, ஸ்கேனர் ராத்திரி முழுக்க லாகின் பக்கத்தையே சுற்றிச் சுற்றி வந்திருக்கும். பக்கத்து வீட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு "வீட்டில் திருடன் இல்லை" என்று சொன்ன மாதிரி. டெஸ்ட்டுகளிலும் இப்படி உண்டு. ஓடும், முடியும், ஆனால் எதையும் சரிபார்க்கும் வரியே இருக்காது. பிழை வந்தால் விழுங்கிவிடும் வரி வேறு நடுவில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்தது நம் மொழியிலேயே இருக்கும் ஓட்டை. ஒரே ஆள் இரண்டு கணக்கு திறக்கக்கூடாது என்று பெயரை ஒப்பிடும் சோதனை இருக்கிறதா? 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்கலாம், ஸ வைத்தும் ஶ வைத்தும். பெரும்பாலான எழுத்துருக்களில் கண்ணுக்கு ஒன்றுதான், கணினிக்கு இரண்டு பெயர். 'ஔ'வுக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் வைத்து 'ஒள' என்று அடிப்பவர்கள் ஏராளம். 'கொ' மாதிரி எழுத்துகளிலும் கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போட்டால் உள்ளே வேறு எண்கள். இந்தக் கடைசி ஒன்றை யூனிகோடின் என்.எஃப்.சி. முறை ஒன்றாக்கிவிடும். முதல் இரண்டையும் ஆக்காது, நீங்கள்தான் தனியாக விதி எழுத வேண்டும். இதை வெளியூர் டெஸ்டர் கண்டுபிடிக்க மாட்டார், உங்களுக்கு இது கைவந்த சமாச்சாரம். எதிர்ப்பக்கத்தையும் விடாதீர்கள்: 'கடைசிப் பெயர் இரண்டெழுத்தாவது இருக்க வேண்டும்' என்று சொல்லும் படிவம் இனிஷியல் போடும் நம்மூர் ஆள் எல்லோரையும் போலி என்று திருப்பி அனுப்பும்.

மூன்றாவது, வாடிக்கையாளரிடம் போய் வெடித்த ஒவ்வொரு பிழையையும் பின்னோக்கி நடத்திக் கூட்டி வாருங்கள். எந்தச் சோதனை இதைப் பிடித்திருக்க வேண்டும்? சோதனையே இல்லையா, இருந்தும் விட்டதா? சோதனை இல்லாததும் சோதனை விட்டதும் வேறு வேறு நோய். 2004-ல் நமக்கு இருந்தது முதலாவது.

நான்காவதுதான் எனக்குப் பிடித்தது. நீங்களே திருடனாகுங்கள், அனுமதியோடு. நிரலின் உங்கள் தனிப் பிரதியில் (பிராஞ்ச்), எல்லோருக்கும் பொதுவான மெயினில் வேண்டாம், தள்ளுபடி கணக்கில் கூட்டலைக் கழித்தலாக மாற்றிவிட்டு டெஸ்ட்டுகளை ஓட்டுங்கள். எல்லாம் பச்சையாகவே இருந்தால் அந்தக் கணக்கை யாரும் காவல் காக்கவில்லை என்று தெரிந்துவிடும். ஆன்டிவைரஸுக்கு இதே வேலையைச் செய்ய 'ஐகார்' என்ற சோதனைக் கோப்பு இருக்கிறது. வெறும் 68 எழுத்து, யாருக்கும் தீங்கு செய்யாது, ஆனால் ஆன்டிவைரஸ்கள் எல்லாம் அதை வைரஸாகப் பாவிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஐ.டி. குழுவிடம் சொல்லிவிட்டு, உங்கள் கணினியில் அந்தக் கோப்பை வையுங்கள். வைத்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் திரையில் எச்சரிக்கை வந்தால் பாதி வேலைதான் முடிந்தது. கண்காணிப்புக் குழுவின் திரையிலும் வந்ததா, எத்தனை நிமிடத்தில் வந்தது, அந்த நேரத்தில் நாற்காலியில் யார் இருந்தார் என்று போய்க் கேளுங்கள். மதிய சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, சனிக்கிழமை ராத்திரி ஒருமுறை.